ஒரே காலில் மூன்று சுரம்



பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், ரிச்சி தெருவில் ஆர்டுயினோ போர்டு வாங்கினேன். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வருகிறது. இதில் சுருதி வைக்க முடியாதா?" முடியும். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கீதத்தில் பாடுகிறவர் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பாடுகிறார். மேல்நாட்டார் போல சுரங்களை அடுக்கி வாசிக்கும் வழக்கம் நமக்கில்லை. ஆனால் பின்னால் இருக்கும் தம்புராவைக் கவனியுங்கள். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நாலு தந்தியையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மீட்டுகிறார்கள். ஒன்று அடங்குமுன் அடுத்தது சேர்ந்துகொள்வதால், காதுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மீட்ட இன்னொரு கை வேண்டும். சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் என் அக்கா வயலின் கற்றபோது அவளுக்கு இரண்டு கையும் வேலை. சுருதிப் பெட்டியின் துருத்தியை அமுக்கும் உத்தியோகம் எனக்கு. சம்பளம் கடலை மிட்டாய். நான் பம்பரம் விடப் போய்விட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாதகம் இல்லை. தனியாகக் கற்ற எத்தனையோ பெண்களுக்கு இதே கதைதான். 1979-இல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். ராடெல் நிறுவனத்தை நிறுவியவர். அந்தப் பெட்டி கச்சேரி மேடையைவிட வீட்டுச் சாதகத்துக்குத்தான் பெரிய உபகாரம் என்பது என் கட்சி.

கணினியும் ஒற்றைச் சுரத்தில்தான் தொடங்கியது. 1951-இல் மான்செஸ்டர் கணினி இசைத்ததை பி.பி.சி. பதிவு செய்தது, ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். 1982-இல் வந்த கொமோடோர் 64-இல் தனி ஒலிச் சில்லு இருந்தது. அதற்கு மூன்று குரல்.

ஆர்டுயினோ யூனோவில் அப்படித் தனிச் சில்லு கிடையாது. அதன் 'டோன்' கட்டளையும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். எனவே கூட்டல் கணக்கில் இறங்க வேண்டும். மூன்று எண்ணிகளை வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 16,000 முறை, முதலாவதில் 492, அடுத்ததில் 738, மூன்றாவதில் 984 கூட்டுங்கள். 65,536 எட்டியதும் அந்த அளவைக் கழித்து மிச்சத்திலிருந்து தொடரட்டும். ஒவ்வொன்றையும் 0 முதல் 85 வரைக்குள் சுருக்கி, மூன்றையும் கூட்டினால் 255-ஐத் தாண்டாது. அந்த ஒரே எண்ணைத் துடிப்பின் அகலமாக்கி, சில்லின் ஒரே காலில் அனுப்புங்கள். மந்தர சட்ஜம், பஞ்சமம், மத்திய சட்ஜம் மூன்றும் சேர்ந்து வரும். சில்லு வினாடிக்கு 1.6 கோடி முறை துடிப்பது. ஒரு சுற்றுக்கு 1000 துடிப்பு கிடைக்கிறது. தாராளம்.

ஏன் 492, 738, 984? 2:3:4 என்ற விகிதம் பிசகாமல் இருக்கத்தான். இணையத்தில் கிடைக்கும் சுரப் பட்டியல்கள் பெரும்பாலும் பியானோவுக்கானவை. அவற்றில் சட்ஜம் 120 என்றால் பஞ்சமம் 180 அல்ல, 179.8. இது ஒரு வித்தியாசமா என்று கேட்காதீர்கள். ஏறக்குறைய இரண்டரை வினாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். சாதகம் பண்ணின காது உடனே கண்டுபிடித்துவிடும்.

குதிரைமேல் தந்திக்கடியில் செருகும் 'ஜீவா' நூலின் ரீங்காரம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. நிஜத் தம்புராவைப் பதிந்து ஏற்றலாமென்றால், யூனோவின் 32 கிலோபைட்டில் இதே வேகத்தில் இரண்டு வினாடிதான் கொள்ளும். நாலு தந்தியை ஒரு சுற்று மீட்டவே அது போதாது. வெளியே ஒரு நினைவக அட்டை சேர்க்க வேண்டும், தம்பி. அதுவும் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும்.