ஆதன் என்னும் இயற்பெயர்: இலக்கணமும் எழுத்துச் சான்றுகளும்

பண்டைத் தமிழரின் இயற்பெயர்களுள் கொற்றன், சாத்தன், பூதன் ஆகியவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது ஆதன் என்பதாகும். சேர வேந்தர் மரபில் பயின்று வழங்கிய இப்பெயர் இன்று அரிதாகவே ஆண்மக்களுக்கு இடப்படுகிறது. பிற்கால வழக்கில் ஆதர் என்னும் சொல் அறிவிலாரைக் குறித்தது. அகராதியும் ஆதன் என்பதற்கு அறிவிலான், குருடன் எனப் பொருள் கூறும். இப்பொருளே இயற்பெயர்க்கும் உரியதாயின், வேந்தர் அதனை விரும்பித் தாங்கியது எங்ஙனம் என்னும் வினா எழுகிறது.

இலக்கணச் சான்று

இயற்பெயரின்முன் தந்தை என்னும் முறைப்பெயர் வந்து புணரும் முறையைத் தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் விளக்குகிறது. நிலைமொழி ஈற்றிலுள்ள 'அன்' கெடும். வருமொழியின் முதல் தகர மெய் நீங்கி அகரம் நிற்கும். இவ்வாறு சாத்தன் தந்தை சாத்தந்தை எனவும், கொற்றன் தந்தை கொற்றந்தை எனவும் ஆகும். ஆதன், பூதன் என்னும் இரு பெயர்களுக்கு மட்டும் தனிவிதி கூறப்படுகிறது. இவற்றில் பெயரின் தகர ஒற்றும் வருமொழி அகரமும் கூடக் கெடுதலால் ஆந்தை, பூந்தை என்னும் வடிவங்கள் தோன்றும். தனிவிதி வகுக்கும் அளவிற்கு இப்பெயர்கள் மக்கள் வழக்கில் மிக்கிருந்தன என்பது இதனால் பெறப்படும்.

சங்கப் புலவருள் பிசிராந்தையார், ஓதலாந்தையார், சிறைக்குடி ஆந்தையார் ஆகியோர் பெயர்களில் அமைந்த ஆந்தை என்பது இவ்விதியால் விளக்கம் பெறுகிறது. அது பறவையின் பெயரன்று. ஆதனுக்குத் தந்தை என்பதே அதன் பொருள். கீரந்தையார் என்னும் பெயரும் இம்முறையினதே. மகன் பெயரால் தந்தையைச் சுட்டும் வழக்கு இப்பெயர்களில் நிலைபெற்றுள்ளது.

இலக்கியமும் எழுத்துப் பொறிப்பும்

இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன் ஆகியோர் பதிற்றுப்பத்தின் பாட்டுடைத் தலைவர்கள். ஐங்குறுநூற்றின் முதற்பத்துப் பாடல்கள் ஆதனையும் அவினியையும் வாழ்த்தித் தொடங்குகின்றன. அறிவிலான் என்னும் பொருள் இவ்விடங்களில் பொருந்தாமை வெளிப்படை.

கரூர் மாவட்டம் புகழூரிலுள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டு, யாற்றூரைச் சேர்ந்த சமணத் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுமிடத்து, ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையினரைக் குறிக்கிறது. பாடல்வழி அறியப்பட்ட பெயர் அரச ஆவணத்திலும் இடம்பெறுகிறது.

வேந்தர்க்கே உரியதாக இப்பெயர் அமையவில்லை. கொடுமணல் பானையோட்டில் கண்ணன் ஆதன் என்னும் பெயர் காணப்படுகிறது. கீழடி அகழாய்வு குறித்துத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூல், குவிரன் ஆதன், ஆதன் எனப் பொறிக்கப்பட்ட ஓடுகளைக் காட்டுகிறது. நாள்தோறும் புழங்கும் கலங்களில் உரியோர் தம் பெயராக இதனைப் பொறித்துள்ளனர்.

முடிவுரை

அரசர் முதல் கலங்களில் பெயர் பொறித்தோர் வரை பலரும் ஏற்ற ஆதன் என்னும் பெயர் இழிபொருள் குறித்ததன்று. அறிவிலான் எனப் பொருள்படும் ஆதன் வடிவால் மட்டும் இதனை ஒத்தது. இரண்டையும் வேறு சொற்களாகக் கொள்வதே பொருந்தும். சொல்லின் பிற்காலப் பொருளைப் பழம்பெயரின்மேல் ஏற்றினால் வேந்தர் பெயரும் புலவர் பெயரும் ஒருங்கே பிழைபட உணரப்படும். ஆதலின் சங்கப் பெயர்களை ஆராய்வோர் அகராதியை அணுகுமுன் புணர்ச்சி விதியையும் பொறிப்புகளையும் நோக்குதல் இன்றியமையாதது.