ஓவர்லாக் தையல் பொறி

ஓவர்லாக் தையல் பொறி என்பது துணியின் விளிம்பை வெட்டிக்கொண்டே, அவ்விளிம்பைச் சுற்றி நூல்களைப் பின்னித் தைக்கும் பொறி ஆகும். நேர்த்தையல் இடும் சாதாரணத் தையல் பொறிக்கு இது மாற்று அன்று; இரண்டும் செய்யும் வேலைகள் வேறு. கொங்கு நாட்டில், குறிப்பாகத் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில், இவ்விரு பொறிகளையும் இயக்குவோர் தனித்தனி வேலைப்பிரிவினராகவே கருதப்படுகின்றனர். ஆகவே, ஒரே ஒரு பொறி வாங்க மட்டும் வசதியுள்ள ஒருவர் எதை வாங்குகிறாரோ, அதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் வேலையும் அமைகிறது.

தைக்கும் முறை

சாதாரணப் பொறியில் ஊசியின் நூலும், கீழே பாபினில் உள்ள நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. தையல் வகைகளுக்கான பன்னாட்டு எண்முறையில் இப்பூட்டுத்தையலின் எண் 301. இருபுறமும் ஒரே தோற்றத்துடன் உறுதியாக அமையும். ஆனால் இழுத்தால் நீளாது.

ஓவர்லாக் பொறியில் பாபின் கிடையாது. ஊசி கொண்டுவரும் நூலை லூப்பர் எனப்படும் இரண்டு கொக்கிகள் வாங்கி, விளிம்பின் மேலும் கீழுமாகக் கோத்துவிடுகின்றன. ஊசிக்குச் சற்று முன்னால் உள்ள கத்தி, மிகுதித் துணியை அறுத்துத் தள்ளுகிறது. ஓர் ஊசி உள்ள 3 நூல் தையல் 504 என்றும், இரண்டு ஊசி உள்ள 4 நூல் தையல் 514 என்றும் எண்ணிடப்பட்டுள்ளன. சங்கிலித்தையலும் ஓவர்லாக்கும் இணையாக ஓடும் 5 நூல் தையல் (516) சட்டை, கால்சட்டை போன்ற நெய்த துணிகளைத் தொழிற்சாலைகளில் இணைக்கப் பயன்படுகிறது.

நூல் செலவில் வேறுபாடு பெரிது. ஒரு மீட்டர் பூட்டுத்தையலுக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் நூல் போதும். 3 நூல் ஓவர்லாக்கிற்கு 14 மீட்டர் அளவு தேவைப்படும். ஓவர்லாக் மேசைகளில் சிறு நூற்கண்டுகளைக் காண முடியாது. பெரிய கோன்களே நிற்கும்.

வரலாறு

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் பின்னலாடை ஆலை நடத்திய மெரோ குடும்பத்தினர் 1881 ஆம் ஆண்டில் இப்பொறியை உருவாக்கினர். வீட்டில் வைத்துப் பயன்படுத்தத்தக்க சிறிய வகைகள் 1960களில் சப்பானில் தோன்றின.

பின்னல் துணியும் ஓவர்லாக்கும்

நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பனியன் துணியோ கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. இழுத்தால் நீண்டு மீளும். இத்துணியைப் பூட்டுத்தையலால் இணைத்தால், தலை வழியே ஆடையை அணியும்போது துணி நீளும், தையல் நீளாது; நூல் அறுந்துவிடும். ஓவர்லாக்கின் தளர்வான பின்னல் துணியோடு சேர்ந்து நீள்கிறது. மேலும், தொழிற்சாலை வகைகளில் துணியை நகர்த்தும் பற்கள் முன்னும் பின்னும் இரண்டு தொகுதிகளாக வெவ்வேறு வேகத்தில் இயங்கும்படி அமைக்கலாம். தைத்த விளிம்பு அலையலையாக நெளிவது இதனால் தவிர்க்கப்படுகிறது.

திருப்பூரில்

1920களில் பனியன் உற்பத்தி தொடங்கிய திருப்பூர், 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதி நகரமாக வளர்ந்தது. 2009 இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. இங்கு பூட்டுத்தையல் பொறி எந்த நிறுவனத்தின் தயாரிப்பாயினும் "சிங்கர்" என்றே அழைக்கப்படுகிறது. அதில் அமர்பவர் சிங்கர் டெய்லர். ஓவர்லாக், பிளாட்லாக் பொறிகளில் தைப்போர் பவர்டேபிள் டெய்லர் எனப்படுகின்றனர். துணியை எடுத்துக் கொடுத்தும் மடித்தும் உதவுபவர் கைமடி.

ஒரு டி-சட்டையில் தோள், கழுத்துப்பட்டி, கை, பக்கவாட்டு இணைப்புகள் ஓவர்லாக்கில் நடக்கின்றன. கீழ்மடிப்பும் கைமடிப்பும் பிளாட்லாக்கிற்குச் செல்கின்றன. சிங்கருக்கு எஞ்சுவது லேபிள், பொத்தான்பட்டி, பை முதலியவை. பனியன் துணியில் சிங்கருக்கு வேலை குறைவு எனினும், அது இல்லாமல் காலர் வைத்த ஆடை எதுவும் முடிவதில்லை.

நெய்த துணியில்

கோயம்புத்தூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வீட்டில் தைப்போரிடம் வருவன பெரும்பாலும் ரவிக்கை, சுடிதார், பாவாடை, பள்ளிச் சீருடை ஆகியவையே. இவற்றில் பூட்டுத்தையலே முதன்மையானது. ஓவர்லாக் நூல் பிரியாமல் ஓரம் அடிப்பதற்கு மட்டும். ஓவர்லாக் இல்லாத தையல்காரர்கள் அக்கம்பக்கத்துக் கடையில் கொடுத்து ஓரம் அடித்து வாங்கிக்கொள்வது வழக்கம். சேலைக்கு பிகோ அடிக்கும் பொறியை ஓவர்லாக் என்று எண்ணுவோர் உண்டு. அது வளைகோட்டுத் தையல் பொறி, வேறு வகை.

ரவிக்கையின் பக்கங்களை ஓவர்லாக்கில் நேரடியாக இணைப்பது பெரும் பிழை. பின்னாளில் பிரித்துவிட உதவும் என்று உள்ளே இரண்டு விரற்கடை துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தைப்பது இப்பகுதி வழக்கம். கத்தி அத்துணியைத் தின்றுவிடும். வளரும் பெண் பிள்ளைகளின் பாவாடை சட்டைக்கும் இது பொருந்தும். சிங்கரில் தவறாகத் தைத்ததைப் பிரிக்கலாம். ஓவர்லாக் வெட்டியதை ஒட்ட முடியாது.

தேர்வு

பொத்தான்துளை, ஜிப், பை, மேல்தையல் ஆகியவற்றை ஓவர்லாக்கில் செய்ய இயலாது. துணியின் நடுப்பகுதியிலும் அதனால் தைக்க முடியாது. ஆகவே முதல் பொறியாகப் பூட்டுத்தையல் பொறியை வாங்குவதே பொதுவாகப் பொருத்தமானது. தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் ஆதரவற்ற பெண்களுக்கு வழங்கப்படுவதும் சாதாரணத் தையல் பொறியே. காலால் மிதிக்கும் பொறிக்கு மின்சாரமும் வேண்டியதில்லை. 2008 க்குப் பின் சில ஆண்டுகள் மாநிலத்தில் கடும் மின்வெட்டு நிலவியபோது, மோட்டார் பொறிகள் நின்ற வீடுகளிலும் மிதிபொறிகள் ஓடின.

இதற்கு விலக்கு, பனியன் நிறுவனங்களின் வேலையை வீட்டிற்கு வாங்கித் தைக்க எண்ணுவோர். அவர்களுக்குச் சிங்கர் மட்டும் இருந்தால் இணைப்பு வேலை கிடைக்காது. தொழிற்சாலைத் தரமுள்ள 4 நூல் ஓவர்லாக் வேண்டும். கடைகளில் "பேபி ஓவர்லாக்" என்று விற்கப்படும் சிறிய 3 நூல் பொறி ரவிக்கை ஓரம் அடிக்கப் போதுமானது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 தையல் இடும் நிறுவனப் பொறியோடு அது போட்டியிட இயலாது. ஆயினும் வேலை தருபவர் யார் என்று உறுதியாகாமல் பெரிய பொறியை வாங்குவது இடர் மிக்கது. ஏற்றுமதி ஆணை குறையும் மாதங்களில் பனியன் வேலை நின்றுவிட்டால், ஓவர்லாக் மட்டும் உள்ள வீட்டில் ஊரார் ரவிக்கையைக்கூட முழுதாகத் தைத்துத் தர முடியாது.

பழைய ஓவர்லாக் வாங்குவோர் வெள்ளைத் துணியில் ஓட்டிப் பார்த்தல் நன்று. எண்ணெய் கசிந்தால் உடனே கறை தெரியும். கறைபட்ட உருப்படி நிறுவனங்களில் டேமேஜ் கணக்கில் சேரும். கத்தி மழுங்கியிருந்தால் விளிம்பு பிசிறாக வரும். நூல் கோக்கும்போது லூப்பர்களை முதலிலும் ஊசியைக் கடைசியிலும் கோக்க வேண்டும். நிறம் மாற்றும்போது அனுபவமுள்ளோர் புதிதாகக் கோப்பதில்லை. பழைய நூலின் முனையில் புதிய நூலை முடிந்து மெல்ல ஓட்டி இழுத்துக்கொள்வர்.