வட கரோலினா கூட்டணி ஆட்சி (1894–1898)

வட கரோலினா கூட்டணி ஆட்சி என்பது, அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான வட கரோலினாவில் ஏழை வெள்ளையின விவசாயிகளும் கறுப்பின மக்களும் ஒரே அணிக்கு வாக்களித்து அமைத்த ஆட்சியாகும்.

பின்னணி

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் பருத்தி விலை தொடர்ந்து சரிந்தது. சிறு விவசாயிகள் விதைக்கும் உணவுக்கும் வரவிருக்கும் விளைச்சலைக் கடைக்காரரிடம் அடகு வைத்தனர். வெள்ளையரின் கட்சியாக அறியப்பட்ட ஜனநாயகக் கட்சி வங்கிகளுக்கும் இரயில் நிறுவனங்களுக்குமே துணைநிற்கிறது என்று கருதியோர், 1892இல் மக்கள் கட்சியில் திரண்டனர். மரியன் பட்லர் இவர்களின் தலைவரானார். கறுப்பின மக்களின் ஆதரவைப் பெற்றிருந்த குடியரசுக் கட்சியுடன் 1894இல் இவர்கள் தொகுதி உடன்பாடு செய்து சட்டமன்றத்தைக் கைப்பற்றினர்.

ஆட்சி

வட்டிக்கு 6 விழுக்காடு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 1896இல் குடியரசுக் கட்சியின் டேனியல் ரசல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஹென்றி ஒயிட் அமெரிக்கப் பேரவைக்குத் தேர்வானார். எனினும் இக்கூட்டணி தேவையால் சேர்ந்தது. இனவேற்றுமை எண்ணத்தை வெள்ளை விவசாயிகள் பலர் கைவிடவில்லை.

வீழ்ச்சி

ஜனநாயகக் கட்சி இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 1898 தேர்தலில் பர்னிபோல்ட் சிம்மன்ஸ், கடன், வட்டி பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு, 'வெள்ளையர் மேலாண்மை' என்பதையே முழக்கமாக்கினார். ஜோசபஸ் டேனியல்சின் நாளிதழ் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. செஞ்சட்டையர் ஆயுதங்களுடன் வாக்காளர்களை மிரட்டினர். ஜனநாயகக் கட்சி சட்டமன்றத்தைக் கைப்பற்றியது. நவம்பர் 10 அன்று வில்மிங்டன் நகரில் வெள்ளையர் கும்பல் அலெக்சாண்டர் மேன்லியின் செய்தித்தாள் அலுவலகத்தை எரித்தது. கறுப்பினத்தவர் பலரைக் கொன்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைப் பதவி விலகச் செய்தது.

விளைவு

1900இல் நிறைவேறிய திருத்தம், வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வையும் தலைவரியையும் கட்டாயமாக்கியது. 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்னரோ வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் தேர்விலிருந்து விலக்கு தரப்பட்டது. 'பாட்டனார் விதி' எனப்படும் இது எழுத்தறியாத வெள்ளையரைக் காப்பதற்கானது. ஆனால் தலைவரிக்கு இத்தகைய விலக்கு இல்லை. கறுப்பின வாக்காளர்கள் ஏறத்தாழ முழுமையாக நீக்கப்பட்டனர். வரி கட்ட இயலாத ஏழை வெள்ளையரும் வாக்கிழந்தனர். வாக்களிப்பதற்கான தலைவரி நிபந்தனை 1920இல்தான் நீங்கியது. 1901இல் ஒயிட்டின் பதவிக்காலம் முடிந்த பின், 1992 வரை இம்மாநிலத்திலிருந்து கறுப்பினத்தவர் எவரும் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.