உப்பளத்தில் முகம் தேடும் கேமரா – ஆட்டோஃபோகஸ் வளர்ந்த கதை

டிஜிட்டல் கேமராவில் யாரையாவது படம் எடுக்கப் போனால் திரையில் அவர் முகத்தைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும். பட்டனைப் பாதி அழுத்தினால் கட்டம் பச்சையாகும், 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், மீதியைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டம் எப்படி வந்தது? முகம் எது, உப்புக் குவியல் எது என்று உள்ளங்கை அளவுப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? எல்லா முகமும் அதற்கு ஒரே மாதிரிதான் தெரிகிறதா?

இந்த மூன்று கேள்விகளையும் சோதித்துப் பார்க்க மரக்காணத்தை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். விழுப்புரம் மாவட்டம், பக்கிங்காம் கால்வாயும் கழுவெளியும் கடலும் கூடும் பகுதி. இங்கே மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்தி பாத்தியாக உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் உப்பளம் இது. வருடத் தொடக்கத்தில் பாத்தியைச் சரிசெய்து உப்பெடுக்கத் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை நடக்கும். தலையில் துண்டோ முந்தானையோ, குனிந்த முகம், காலடியில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை, மேலே வெயில்.

வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் ஏராளம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உப்பு சாம்பல் நிறத்தில் இருக்கும், மனிதர் முகம் கரிக்கட்டையாக இருக்கும். இது எடுத்தவரின் தவறு மட்டும் இல்லை. கேமராவுக்குள் 30, 40 வருடங்களாகச் சேர்த்துவைத்த சில அனுமானங்களும் இதற்குக் காரணம்.

ஃபோகஸே செய்யாத கேமராக்கள்

முதலில் மலிவு விலைக் கேமராக்கள் ஃபோகஸ் என்ற வேலையையே செய்யவில்லை. 1990களில் நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் சுற்றுலாக்களிலும் கையில் இருந்த கோடக் கேபி10 நினைவிருக்கிறதா? அதன் லென்ஸ் அசையவே அசையாது. துவாரத்தைச் சிறியதாக வைத்துவிட்டால் சில அடிகளுக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஓரளவு தெளிவாக விழும். மோட்டார் தேவையில்லை, சென்சார் தேவையில்லை, எனவே விலையும் குறைவு. கிட்டே போனால் மட்டும் முகம் மங்கிவிடும்.

விலை உயர்ந்த கேமராவில் லென்ஸ் வளையத்தைக் கையால் திருக வேண்டும். அது பழகியவர்களுக்கான வேலை. "குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று சொல்லி விற்க வேண்டுமானால் கேமராவே தூரத்தை அளந்தாக வேண்டும்.

தூரத்தை அளந்த மூன்று வழிகள்

1977-ல் ஜப்பானின் கோனிகா நிறுவனம் சி35 ஏ.எஃப். என்ற கேமராவை வெளியிட்டது. பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா இதுதான். ஆனால் உள்ளே இருந்த மூளை ஜப்பானுடையது அல்ல. அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் செய்த 'விசிட்ரானிக்' என்னும் பாகம் அது. நம் இரண்டு கண்களைப் போல இரண்டு சிறு ஜன்னல்கள் வழியாக வரும் காட்சிகளை ஒப்பிட்டுத் தூரத்தைக் கணக்கிட்டது.

அடுத்த வருடம், 1978-ல், போலராய்டு வேறு வழியில் போனது. வௌவாலைப் போல ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளந்தது. இருட்டிலும் வேலை செய்யும்! ஆனால் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரை எடுத்தால் கண்ணாடிக்குத்தான் ஃபோகஸ் ஆகும். 1979-ல் கேனன் ஏ.எஃப்.35எம் கேமராவில் ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தியது.

1985-ல் மினோல்டா 7000 வந்து பெரிய கேமராக்களிலும் ஆட்டோஃபோகஸைக் கொண்டுவந்தது. கூடவே வழக்கும் வந்தது! தன் காப்புரிமையை மீறியதாக ஹனிவெல் தொடுத்த வழக்கில் மினோல்டா 1992-ல் 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மற்ற பல கேமரா நிறுவனங்களும் பணம் கட்டித் தீர்த்துக்கொண்டன. "தானாகவே ஃபோகஸ் ஆகும்" என்ற ஒரு வாக்கியத்துக்குச் சந்தையில் என்ன மதிப்பு இருந்தது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

டிஜிட்டலில் வந்த குன்று

கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975-ல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா சுமார் மூன்றரைக் கிலோ எடை. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதிலிருந்து சட்டைப் பையில் போடும் அளவுக்கு வருவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. இந்தச் சின்ன டிஜிட்டல் கேமராக்களில் தூரம் அளக்கத் தனிக் கருவி பெரும்பாலும் கிடையாது. படம் விழும் சென்சாரே அந்த வேலையையும் செய்கிறது.

எப்படி? தெளிவான படத்தில் விளிம்புகள் 'நறுக்'கென்று இருக்கும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் அதிகம். இதைத்தான் கான்ட்ராஸ்ட் என்கிறார்கள். மங்கலான படத்தில் இந்த வித்தியாசம் குறைவு. எனவே கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் கான்ட்ராஸ்ட் அதிகமோ அங்கே நிறுத்திவிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு குன்று ஏறுபவர், அடுத்த அடி இறக்கம் என்று தெரிந்ததும் ஓரடி பின்வாங்கி உச்சியில் நிற்பதைப் போல.

மரக்காணத்தில் இந்தக் குன்று தட்டையாகிவிடும். வெள்ளை உப்பின் மேல் வெயில் அடிக்கும்போது விளிம்பு எங்கே, இருட்டு எங்கே? கேமரா முன்னும் பின்னும் தேடித் தேடி அலுத்துப்போய்ச் சிவப்புக் கட்டம் காட்டும். உப்புநீர் நிற்கும் பாத்தியில் இன்னொரு வேடிக்கை. தண்ணீரில் தெரியும் மேகத்தின் பிம்பத்துக்கு ஃபோகஸ் ஆகும், பாத்தி வரப்பு மங்கிவிடும். ஏனென்றால் லென்ஸைப் பொறுத்தவரை அந்தப் பிம்பம் தண்ணீரின் மேல் இல்லை, மேகத்தின் தூரத்தில் இருக்கிறது.

முகம் என்றால் என்ன?

நடுவில் இருப்பதற்கு ஃபோகஸ் செய்வது ஒன்று, மனிதருக்கு ஃபோகஸ் செய்வது வேறொன்று. அதற்கு முகம் எது என்று கேமராவுக்குத் தெரிய வேண்டும். 2001-ல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வேகமான வழியைக் காட்டினார்கள்.

அவர்களுடைய யோசனை மிக எளிமையானது. முகத்தில் கண் பகுதி கன்னத்தை விட இருட்டாக இருக்கும். இரண்டு கண்களுக்கு நடுவில் மூக்குத்தண்டு வெளிச்சமாக இருக்கும். இப்படி வெளிச்சக் கட்டம், இருட்டுக் கட்டம் என்று சின்னச் சின்னச் சோதனைகள். 24க்கு 24 புள்ளி அளவுள்ள ஒரு சிறு சதுரத்துக்குள்ளேயே இப்படி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் சாத்தியம். அவற்றில் உருப்படியானவற்றைக் கணினியே தேர்ந்தெடுத்தது. கடைசியில் 38 கட்டங்கள், 6,061 சோதனைகள். முதல் கட்டத்திலேயே 'இது முகம் இல்லை' என்று தெரிந்தால் மீதிச் சோதனைகள் நடக்காது. அதனால்தான் அவ்வளவு வேகம்! அன்றைய 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினியில் விநாடிக்கு 15 படங்களில் முகம் தேட முடிந்தது.

2005-ல் நிக்கான் தன் கூல்பிக்ஸ் 7900, 7600, 5900 மாடல்களில் முகத்துக்கு முன்னுரிமை தரும் ஃபோகஸைக் கொண்டுவந்தது. இதற்கான நுட்பம் ஐடென்டிக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து வந்தது. கைரேகை, முக அடையாளம் இவற்றை அரசுகளுக்கும் காவல்துறைக்கும் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது! 2006-ல் ஃபுஜிஃபிலிம் இதற்கென்றே தனிச் சில்லு வைத்தது. 2007-ல் சோனி, சிரித்தால் தானாகப் படம் எடுக்கும் வசதியைக் கொடுத்தது.

தோற்கும் இடங்களின் பட்டியல்

வயோலாவும் ஜோன்ஸும் 2004-ல் எழுதிய விரிவான கட்டுரையில், தங்கள் முறை எங்கெல்லாம் தோற்கும் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்தார்கள். முகம் அதிகம் சாய்ந்தாலோ திரும்பினாலோ கண்டுபிடிக்காது. கண்கள் மறைந்தால் பெரும்பாலும் தோற்கும், வாய் மறைந்தால்கூடப் பரவாயில்லை. பின்னணி வெளிச்சமாகவும் முகம் மிக இருட்டாகவும் இருக்கும் கடும் எதிர்வெளிச்சத்திலும் சில சமயம் தோற்கும்.

இந்தப் பட்டியலை மரக்காணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உப்பு வாருபவர் குனிந்திருக்கிறார். துண்டின் நிழல் கண்ணை மறைக்கிறது. பின்னணி முழுக்க வெள்ளை. மூன்றும் ஒரே இடத்தில்!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காட்சி மொத்தமும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கேமரா வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. உப்பளம் அதைவிடப் பல மடங்கு வெளிச்சம். எனவே கேமரா ஒளியைக் குறைத்துவிடுகிறது. உப்பு சாம்பலாகிறது, ஏற்கெனவே நிழலில் இருக்கும் கருத்த முகம் இன்னும் இருட்டாகிறது. முகத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கேமரா முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டும். ஆனால் கண்டுபிடிக்க முகத்தில் முதலில் வெளிச்சம் வேண்டும்! அடமானம் வைக்கச் சொத்து இருப்பவருக்குத்தான் கடன் என்பதைப் போன்ற நிலை இது.

படம் எடுப்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. அனுமதி கேட்டுவிட்டு, சூரியன் அவர் முகத்தில் படும் பக்கமாக வந்து நிற்கலாம். காலை வெயில் என்றால் இன்னும் நல்லது. முகத்தில் கட்டம் வரவில்லை என்றால் நடுப்புள்ளி ஃபோகஸுக்கு மாற்றி, அதே தூரத்தில் இருக்கும் சட்டைக் காலரிலோ துண்டின் விளிம்பிலோ வைத்துப் பட்டனைப் பாதி அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு படத்தைச் சரிசெய்து முழுதும் அழுத்தலாம். 'எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்' என்பதை +1 பக்கம் நகர்த்தினால் உப்பு வெள்ளையாகும், முகமும் தெரியும். கிட்டே இருப்பவருக்குப் பகலிலும் பிளாஷ் போடலாம்.

மாதிரியில் யார் இருந்தார்கள்?

பிளாஷ் போட்டுத் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. வயோலா-ஜோன்ஸ் முறைக்கு முகத்தைக் கற்பிக்கப் பயன்பட்டவை 4,916 முகங்கள். இணையத்தில் போகிற போக்கில் சேகரித்த படங்களிலிருந்து எடுத்தவை. 2000 வாக்கில் இணையத்தில் யாருடைய படங்கள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த மாதிரியை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் முடிவு என்பது புள்ளியியல் முதல் பாடம்.

இது புதிய பழக்கமும் அல்ல. படச்சுருள் காலத்தில் கோடக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்கப் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் படம். அவர் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. 2009-ல் ஒரு நிக்கான் கேமரா, ஆசியக் குடும்பம் ஒன்று கண்ணைத் திறந்துகொண்டு சிரித்தபோது "யாரோ கண் சிமிட்டினார்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது உலகம் முழுக்கச் செய்தியானது. 2018-ல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை!

பிறகு நிலைமை மாறியது உண்மை. 2016-ல் வெளியான 'வைடர் ஃபேஸ்' தொகுப்பில் மட்டும் 3,93,703 முகங்கள். சாய்ந்தவை, மறைந்தவை, இருட்டில் இருப்பவை எல்லாம் உண்டு. இன்றைய கைபேசிகள் பழைய காம்பாக்ட் கேமராவை விட முகத்தை எவ்வளவோ நன்றாகக் கண்டுபிடிக்கின்றன. அந்தக் காம்பாக்ட் கேமராக்களையே கைபேசி விழுங்கிவிட்டது. 2010-ல் உலகில் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன, 2020-ல் அது 90 லட்சத்துக்கும் கீழே போனது.

ஆனால் கேமரா போனாலும் அந்தக் கட்டம் போகவில்லை. 2005-ல் கட்டம் வராவிட்டால் ஒரு படம் கெட்டுப்போகும், அவ்வளவுதான். 2021 நவம்பரில் மத்திய அரசு, ஓய்வூதியர்கள் கைபேசியில் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்றிதழ் தரும் வசதியைத் தொடங்கியது. கைரேகை தேய்ந்துபோன முதியவர்களுக்கு இது பெரிய உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் அங்கே கட்டம் வராவிட்டால் நிற்பது படம் அல்ல, பணம். எனவே இப்படிப்பட்ட திட்டம் எதுவும் பரவலாவதற்கு முன்னால் அதைக் குளிர்சாதன அறையில் மட்டும் சோதித்தால் போதாது. மரக்காணத்தில், மே மாத மதியத்தில், இருபது வருடம் உப்பு வாரிய ஒருவரின் முகத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே கட்டம் வந்துவிட்டால் வேறு எங்கும் வரும்.