முப்பத்தைந்தில் ஒரு பங்கு

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஆனா ஆபீஸ் வேலையைப் பத்தி வேண்டாம், போரடிக்கும்" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொன்னார். ஆபீஸ் வேலையை விட்டால் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஹாஸ்டலில் என்னோடு இருந்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். ஆமாம், அந்த பிளாஸ்டிக் டாங்கிகளேதான்! என் அறையில் எப்போதும் தின்னர் வாடை அடிக்கும். மேஜை மேல் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டிச் சக்கரங்கள் கிடக்கும். "நாளைக்குப் பரீட்சையை வச்சுக்கிட்டுப் பொம்மை ஒட்டுறியேடா" என்று திட்டாதவர்கள் யார்? இருபது வருஷம் ஆகிறது, இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது திட்டுவது வீட்டில்.

முதலாண்டு டிராயிங் வகுப்பு ஞாபகம் இருக்கிறதல்லவா? மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி, முதல் பாடமாக 'ஸ்கேல்' படித்தோம். சிறிதாக்கி வரைய 1:2, 1:5, 1:10, 1:20, 1:50 என்று வரிசையாக அளவுகள் சொல்லிக் கொடுத்தார்கள். யாராவது 1:35 என்று போட்டிருந்தால் ஷீட் அப்படியே திரும்பி வந்திருக்கும். ஆனால் உலகம் முழுக்க டாங்கி மாடல் கட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் வேலை செய்வது இந்த 1:35-ல்தான். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்த அளவு எங்கிருந்து வந்தது? அதில் ஒரு சுவாரசியமான சரித்திரம் இருக்கிறது.

மற்ற அளவுகளுக்கெல்லாம் காரணம் உண்டு. 1:72 என்றால் ஆறு அடி ஒரு அங்குலம் ஆகிவிடும். ஆறடி ஆள் ஒரு அங்குல உயரத்தில் நிற்பான், கணக்கு சுலபம். 1936-ல் இங்கிலாந்தில் 'ஃப்ராக்' நிறுவனத்தார் 'பெங்குவின்' என்ற பெயரில் விமான மாடல்களை இந்த அளவில் பிளாஸ்டிக்கில் கொண்டு வந்தார்கள். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானம் எது நம் விமானம் எது என்று வீரர்களுக்கு அடையாளம் காட்ட மாடல்கள் வேண்டும் என்று பள்ளிக்கூடங்களைக் கேட்டது. ஒன்றல்ல இரண்டல்ல, ஐந்து லட்சம்! நாடு முழுக்க மாணவர்கள் மரத்தைச் செதுக்கி 1:72-ல் செய்து கொடுத்தார்கள். மாடல் கட்டுவது வெறும் விளையாட்டுச் சமாச்சாரம் என்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

அதே போல இங்கிலாந்தின் 'ஏர்ஃபிக்ஸ்' 1961-ல் டாங்கிகளை வெளியிட்டபோது 1:76-ஐ எடுத்துக்கொண்டது. அங்கே வீட்டுக்கு வீடு பொம்மை ரயில் உண்டு. அந்த ரயிலுக்கு ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று கணக்கு. ரயிலுக்குப் பக்கத்தில் டாங்கியை வைத்தால் பொருந்த வேண்டுமே!

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். ஷிசுவோகா என்று ஓர் ஊர், மர வேலைக்குப் பேர் போன ஊர். 1945 ஜூன் மாதம் குண்டு வீச்சில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்து போனது. மறு வருஷம், 1946-ல், யோஷியோ தமியா என்பவர் அங்கே ஒரு மர அறுவை ஆலை தொடங்கினார். கொஞ்ச நாளில் அறுத்த மரத்திலேயே மாடல் செட்டுகள் செய்து விற்க ஆரம்பித்தார்கள். பிறகு பிளாஸ்டிக் காலம் வந்தது. மரம் வாங்க ஆளில்லை. 1960-ல் துணிந்து 'யமாட்டோ' போர்க்கப்பலை பிளாஸ்டிக்கில் போட்டார்கள். போட்டிக் கம்பெனி அதே கப்பலைக் குறைந்த விலைக்கு இறக்கிவிட்டது. அச்சுக்குப் போட்ட பணம்கூடத் திரும்பவில்லை. மோல்டு செலவு என்றால் என்ன என்று நம் புரொடக்‌ஷன் பிரிவு நண்பர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்!

அடுத்த முயற்சியும் தோற்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்ற நிலைமை. யோஷியோவின் மகன் ஷுன்சாகு தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் 'பேந்தர்' டாங்கி. ஏன் பேந்தர்? அதன் உடம்பு முழுக்கச் சாய்வான தட்டைத் தகடுகள். வளைவு குறைவு, அதனால் அச்சு வெட்டுவது சுலபம். பெட்டி மேல் ஷிகெரு கொமட்சுசாகி என்ற ஓவியர் ஒரு படம் போட்டுக் கொடுத்தார். சும்மா அலமாரியில் நிற்கும் டாங்கியைப் பையன்கள் வாங்குவார்களா? ஓட வேண்டும். ஓட வேண்டுமானால் உள்ளே ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரியும் வேண்டும். ஆகவே அவை உட்காரும் அளவுக்கு உடம்பின் அகலத்தை வைத்தார்கள். 1961-62 வாக்கில் பேந்தர் கடைக்கு வந்தது, அமோகமாக விற்றது.

அடுத்த டாங்கியையும் இதே அளவில் போடலாம் என்று ஷுன்சாகு பேந்தரை அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஏறக்குறைய 1:35! அவ்வளவுதான் விஷயம். பேட்டரி கொடுத்த அளவு அது. பின்னால் இத்தாலி, ஹாங்காங், கொரியா, சீனா, ரஷ்யா என்று யார் டாங்கி மாடல் போட்டாலும் அந்த இரண்டு பேட்டரிக்குக் கட்டுப்பட்டே போட்டார்கள். 1:32-ல் போட்டு மல்லுக்கட்டிய பெரிய கம்பெனிகளும் இருந்தன, டாங்கி விஷயத்தில் அந்த அளவு நிலைக்கவில்லை. ஸ்டாண்டர்டு என்பது கமிட்டியில் மட்டும் பிறப்பதில்லை நண்பர்களே, பேட்டரி டப்பாவிலும் பிறக்கும்! பழைய தமியா மாடல்களைத் திருப்பிப் பார்த்தால் அடிவயிற்றில் ஸ்விட்சுக்கும் மோட்டாருக்கும் விட்ட ஓட்டைகள் இருக்கும். மோட்டார் போன பிறகும் ஓட்டை போகவில்லை. அதைப் புட்டி வைத்து அடைப்பதுதான் எங்கள் ஆட்களின் முதல் வேலை.

ஆனால் அளவு தற்செயலாக வந்ததே தவிர, அளவெடுப்பது தற்செயலாக நடக்கவில்லை. ஷுன்சாகு அமெரிக்காவின் அபெர்டீன் ராணுவ அருங்காட்சியகத்துக்கே போய், வெட்டவெளியில் நிற்கும் டாங்கிகளை மேலும் கீழும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். குண்டு விழுந்து எரிந்த ஊர்க்காரர், குண்டு போட்ட நாட்டுக்குப் போய் அதன் டாங்கிகளை ஸ்குரூ ஸ்குரூவாகப் பார்த்து வந்து பிள்ளைகளுக்கு மாடல் செய்து கொடுத்தார். "யுத்தத்தை விளையாட்டாக்குறியேப்பா" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அப்போதெல்லாம் நான் ஷிசுவோகாவை நினைத்துக்கொள்கிறேன். இன்று அந்த ஊர் உலகத்தின் மாடல் தலைநகரம். ஷுன்சாகு 2025 ஜூலையில் தொண்ணூறு வயதில் காலமானார்.

1968-ல் தமியா டாங்கிகளோடு மனிதர்களையும் சின்ன உருவங்களாகச் செய்ய ஆரம்பித்தது. சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயர ஆள் பக்கத்தில் நின்றதும் வண்டியின் பிரம்மாண்டம் கண்ணுக்குப் புரிந்தது. எழுபதுகளில் அமெரிக்காவின் ஷெப் பெய்ன் என்பவர் 'மோனோகிராம்' பெட்டிகளுக்குள் வைக்கும் துண்டுப் பிரசுரங்களில், மாடலைத் தனியாக வைக்காதே, அதைச் சுற்றி ஒரு காட்சியை அமை, ஒரு கதை சொல் என்று கற்றுக் கொடுத்தார். உடைந்த சுவர், சேறு, களைத்துப் போன சிப்பாய். அதற்குப் பிறகு மாடல் கட்டுவதே வேறு மாதிரி ஆகிவிட்டது.

நம் ஆட்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. நிஜ பேந்தர் சுமார் 45 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 35-ஆல் வகுத்தால் எடை 35-இன் முப்படியால், அதாவது 42,875-ஆல் குறையும். அதே இரும்பில் குட்டி பேந்தர் செய்தால் ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் வரும். பிளாஸ்டிக் மாடல் அதிலும் ஒரு பங்குதான். ஆனால் கையில் தூக்கினால் கனமாக 'இருக்கிற மாதிரி' தெரிய வேண்டும். சேறு எங்கே ஒட்டும், பெயின்ட் எங்கே தேயும், எந்தத் தகட்டை எதனோடு எப்படிச் சேர்த்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்தக் கனம் வரும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எந்த வெளிநாட்டு நிபுணரும் இல்லை, என் பெரியப்பா.

1961-ஐக் கவனித்தீர்களா? ஏர்ஃபிக்ஸ் டாங்கிகள் வந்த வருஷம், பேந்தர் உருவான காலம். அதே 1961-ல்தான் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, நம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாக ஆரம்பித்தது. 1965 கடைசியில் முதல் 'விஜயந்தா' ஆவடியிலிருந்து வெளியே வந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கி, நான்கு பேர் குழு, பக்கத்துக்கு ஆறு சக்கரம். எண்பதுகளின் நடுப்பகுதி வரை இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ஆனால் தமியா பெட்டிகளில் விஜயந்தா கிடையாது. ஷெர்மன் இருக்கிறது, டைகர் இருக்கிறது, நம் வண்டி இல்லை.

சரி, நாமே கட்டுவோம் என்று இறங்கினேன். ஒரு ஊர்ப் பூங்காவில் ஓய்வுபெற்ற விஜயந்தா ஒன்று மேடை மேல் நிற்கிறது. இன்ச் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் தவழ்ந்தேன். வாட்ச்மேன், "என்ன சார், வண்டியை வாங்கப் போறீங்களா?" என்றார். 3,168 மில்லிமீட்டர் அகலம், 35-ஆல் வகுத்தால் 90.5. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, அரம் போட்டு (ஃபிட்டிங் ஷாப்பே, உனக்கு நன்றி!), நான்கு மாதத்தில் முடித்தேன். மூட்டு தெரியாமல் வழவழவென்று தேய்த்துப் பச்சை பெயின்ட் அடித்துப் பெருமையோடு பெரியப்பாவிடம் கொண்டு போனேன். அவர் ஆவடியில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "ஏண்டா, நாங்க போட்ட வெல்டு எங்கடா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வண்டியின் உடம்பு வெல்டிங்கால் நிற்பது. அவர் முப்பது வருஷம் வெயிலிலும் புகையிலும் போட்ட தையல் அது. அதை நான் 'ஃபினிஷிங்' என்ற பேரில் தேய்த்து அழித்திருக்கிறேன்! பூங்காவில் அளவெடுத்தபோதும் அது என் கண்ணில் பட்டது, ஆனால் நோட்டில் ஏறவில்லை.

திரும்பி வந்து பெயின்டைச் சுரண்டினேன். மிச்ச பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தால் நூல் மாதிரி வரும். அதை மூட்டின் மேல் ஒட்டி, பசையிலே இளகியதும் பிளேடு நுனியால் குத்திக் குத்தி வந்தால் வெல்டு மாதிரியே வரி விழும். நிஜத்தில் விரல் தடிமன் உள்ளது, 1:35-ல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மூன்று வாரம் ஆயிற்று. மறுபடி கொண்டு போனபோது பெரியப்பா கண்ணாடியைத் தேடவில்லை. ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே போனார். பின்பக்க மூலையில் விரல் நின்றது. "இந்த இடத்துல அவசரப்பட்டிருக்க. நைட் ஷிஃப்ட் வெல்டு மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அந்த மாடல் இப்போது அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர்களிடம், "இது நாங்க செஞ்ச வண்டி" என்கிறார். 'என் தம்பி பையன் செஞ்சது' என்று சொல்வதில்லை. அதுதான் சரி.

டாங்கியின் சரித்திரம் என்றால் தளபதிகள் பேரும் சண்டை நடந்த ஊர்களும்தான் எழுதப்படுகின்றன. செய்த கைகள் எழுதப்படுவதில்லை. நம் மலரைப் படிக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார். ஃபவுண்டரியிலோ, ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ, மில்லிலோ காலம் கழித்தவராக இருப்பார். அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இதையே சொல்கிறேன். அளவெடுக்க டேப் போதும். எதை அளக்க வேண்டும் என்று சொல்ல அவர்கள்தான் வேண்டும்.

சங்கமத்துக்கு இரண்டாவது விஜயந்தாவைக் கொண்டு வருகிறேன். அதில் நைட் ஷிஃப்ட் வெல்டு இருக்கிறதா என்று நீங்களே தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்!