சிரம்பான்–தமிழகம்: பயணத் தொலைவும் நேரமும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர்களுக்குத் தாயகப் பயணம் ஒரு காலத்தில் வாரக்கணக்கு, இன்று மணிக்கணக்கு. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,630 கி.மீ.; பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி.

லிங்கி, லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் ரப்பர் பரவிய காலத்தில் கங்காணி ஆள் கட்டி அழைத்துவந்த பாதை நீண்டது. ஊரிலிருந்து நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம். அங்கே மருத்துவச் சோதனை, கப்பலுக்கான காத்திருப்பு. கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே புகுந்து பினாங்கு, பிறகு போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்). கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு வாரம். கரையிறங்கினால் தொற்றுத் தடுப்பு முகாம், பிறகு சிரம்பானுக்கு ரயில், அதன்பின் தோட்டத்து லயம். கப்பல் நாளை மட்டும் எண்ணினால் இந்தப் பயணம் பாதிகூடப் புரியாது.

1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் வரும் செலவை ஏற்றது. திரும்பிப் போவதோ பெரும்பாலும் அவரவர் பாடு. தூரத்தைவிடக் கட்டணமே பலரை ஊர் பார்க்கவிடாமல் தடுத்தது. ஆனால் 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்ததும், வேண்டாத ஆட்களைத் திருப்பியனுப்ப மட்டும் கப்பலும் காசும் கிடைத்தன! 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை ஆள்சேர்த்து அனுப்புவதற்குத் தடை விதித்தது. ஜப்பானியர் ஆண்ட 1942–45இல் கப்பலே இல்லை. தோட்டத்திலிருந்து பலரைக் கொண்டுபோனது சயாம் மரண ரயில் பாதைக்கு.

அந்தத் தலைமுறை மறக்காத பெயர் ‘ரஜுலா’. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இந்தக் கப்பல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றும் உரிமத்துடன் ஓடத் தொடங்கியது. 1973 வரை உழைத்த அதற்குப் பின் ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் பற்றிய தீ பல உயிர்களைக் குடித்தது. தமிழகத்துக்கும் மலேசியாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவையும் அத்தோடு முடிந்தது.

விமானம் முதலில் வசதி படைத்தவர்களுக்கே எட்டியது. 1965இல் திறந்த சுபாங் நிலையம் சிரம்பான்காரருக்குத் தொலைவுதான். 1998இல் சிப்பாங்கின் செம்பனைத் தோட்டங்களை அழித்துக் கட்டிய புதிய நிலையம் மாநில எல்லையருகே அமைந்தது. நீலாய்க்கு அது பக்கத்து ஊர். 2008இல் ஏர் ஏசியா திருச்சிக்கு மலிவுக் கட்டணத்தில் பறக்கத் தொடங்கியது. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் உறவுள்ள குடும்பங்களுக்கு உண்மையான மாற்றம் இதுவே. வான்வழியில் சென்னையைவிடத் திருச்சி சற்றே அதிகத் தொலைவு என்றாலும், சென்னையில் இறங்கிப் பேருந்தில் கழியும் பல மணி நேரம் மிச்சம்.

பயணச் சீட்டில் உள்ள நேரத்தைப் பார்ப்பவர்கள் கடிகார வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், காலை 8 மணிக்குக் கிளம்பும் விமானம் சுமார் 9.30க்கே தமிழகத்தில் இறங்கும். 1981 முடியும்வரை இந்த வேறுபாடு இரண்டு மணி நேரமே; 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்தது.