சாயம் பிறந்த இடம்: வண்ண ஸ்லைடுகளும் அவற்றின் மங்கலும்

நெகட்டிவ் என்ற இடைப்படி இல்லாமல், கேமராவுக்குள் ஒளிபட்ட அதே ஃபிலிமே நேர்ப்படமாக மாறி, 24×36 மில்லிமீட்டர் அளவில் இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்துக்குள் அடங்கி நிற்பதே வண்ண ஸ்லைடு. ஓர் ஊரின் கடைத்தெருவோ ஒரு குடும்பத்தின் திருமணமோ அதில் பதிவாகியிருந்தால், அந்தப் பதிவுக்கு வேறு மூலம் கிடையாது. ஸ்லைடின் நிறம் மங்கினால் மூலமே மங்குகிறது. இந்த மங்கலை வெறும் வயதின் விளைவாகக் கருதுவது வழக்கம். ஆனால் ஒரே ஆண்டில் எடுக்கப்பட்டு ஒரே பெட்டியில் கிடந்த இரண்டு ஸ்லைடுகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று செங்கல் நிறத்திலும் இருப்பதற்கு வயது காரணமாக முடியாது. நிறத்தைத் தரும் சாயம் எங்கே, எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதில்தான் அந்த வேறுபாட்டின் வேர் இருக்கிறது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடக் ஆய்வகத்தில், பியானோ கலைஞர் லியோபோல்ட் மேன்ஸும் வயலின் கலைஞர் லியோபோல்ட் கொடாவ்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கிய கோடாக்ரோம், 1935இல் 16 மில்லிமீட்டர் சினிமாச் சுருளாகவும் 1936இல் நிழற்படச் சுருளாகவும் விற்பனைக்கு வந்தது. இதன் மூன்று பூச்சுகளும் சிவப்பு, பச்சை, நீல ஒளியைத் தனித்தனியே பதிந்துகொண்டாலும், ஃபிலிமுக்குள் நிறப்பொருள் எதுவும் இருக்கவில்லை. இணைப்பி எனப்படும், சாயமாக மாறக்கூடிய வேதிப்பொருள் ஆய்வகத்தின் கரைசல்களில்தான் இருந்தது. அது ஒவ்வொரு பூச்சிலும் தனித்தனிக் கட்டமாகச் சேர்ந்து சாயத்தைப் பிறப்பித்தது. இந்தச் சிக்கலான வேலையைச் சில ஆய்வகங்களால் மட்டுமே செய்ய முடிந்தது என்றாலும், வேலை முடிந்த ஃபிலிமில் எஞ்சிய இணைப்பி ஏதும் தங்கவில்லை. செய்முறை திருத்தப்பட்ட 1938க்குப் பிந்திய கோடாக்ரோம் ஸ்லைடுகள் இருட்டில் வைக்கப்பட்டால் இன்றும் பெரிதும் நிறம் குன்றாமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் 1936இல் வேறு வழியைத் தேர்ந்தது. இணைப்பிகளை ஃபிலிமின் பூச்சுகளுக்குள்ளேயே வைத்துவிட்டால் ஒரே கரைசலில் மூன்று சாயங்களும் தோன்றிவிடும். கோடக் நிறுவனமும் 1946இல் இதே கொள்கையில் எக்டாக்ரோமை வெளியிட்டது. சிற்றூர் ஸ்டூடியோக்காரரும் தாமே கழுவிக்கொள்ளலாம் என்ற வசதி இதனால் வந்தது. ஆனால் வேலை முடிந்த பிறகும் ஃபிலிமுக்குள் தங்கிய இணைப்பிகள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கறையை உண்டாக்கின, தொடக்ககாலச் சாயங்களும் உறுதியற்றவையாக இருந்தன. 1970களின் பிற்பகுதியில் வந்த ஈ-6 செய்முறைக்குப் பிறகே இந்த வகை ஸ்லைடுகளின் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடியது.

மங்கலின் நிறம் எந்தச் சாயம் அழிந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்லைடில் உள்ள நீலப்பச்சைச் சாயம் சிவப்பு ஒளியையும், மெஜந்தா பச்சை ஒளியையும், மஞ்சள் நீல ஒளியையும் தடுக்கின்றன. பழைய எக்டாக்ரோமில் இருட்டில் முதலில் அழிவது நீலப்பச்சைச் சாயம் என்பதால், தடுப்பாரற்ற சிவப்பு படம் முழுவதும் பரவுகிறது. புரொஜெக்டரின் வெளிச்சத்திலோ இந்த இரண்டு ஃபிலிம்களின் நிலை தலைகீழாகிறது. இருட்டில் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கோடாக்ரோமின் மஞ்சள் ஐந்தில் ஒரு பங்கை இழக்க ஏறத்தாழ 185 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்ட நிழற்படப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹென்றி வில்ஹெல்ம், 1993இல் வெளியான தமது நூலில், புரொஜெக்டர் ஒளியில் அதே ஃபிலிம் மற்ற வகைகளைவிட விரைவாக மங்குவதையும் காட்டினார். ஆகவே அடிக்கடி திரையில் காட்டப்பட்ட கோடாக்ரோமைவிட, பெட்டியை விட்டே வெளிவராத கோடாக்ரோம்தான் மூல நிறத்துக்கு நெருக்கமானது. 1939 முதல் 1944 வரை அமெரிக்க அரசின் நிழற்படக்காரர்கள் எடுத்து, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கும் சுமார் 1,600 வண்ணப்படங்களை இணையத்தில் காண்போர் வியப்பது, இந்த இருட்டின் காவலைத்தான்.

ஸ்கேன் செய்பவருக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படுகிறது. சட்டத்தில் அச்சிட்ட பெயரைப் பார்க்கலாம். பெயர் இல்லையெனில், பூச்சுப் பக்கத்தைச் சாய்த்து விளக்கொளியில் பிடித்தால் கோடாக்ரோமில் படத்தின் விளிம்புகள் மேடுபள்ளமாகத் தெரியும். தூசியைத் தானாக நீக்கும் ஸ்கேனர் வசதி அகச்சிவப்புக் கதிரை நம்பி இயங்குவது. மற்றச் சாயங்களை ஊடுருவும் அந்தக் கதிர் கோடாக்ரோமில் ஓரளவு தடைபடுவதால், படத்தின் நுண்விவரத்தையே தூசி என்று எண்ணி ஸ்கேனர் அழித்துவிடக்கூடும். அங்கே தூரிகையும் காற்றூதியும்தான் துணை.

சிவந்துபோன எக்டாக்ரோமைத் திருத்துவதில் அடிக்கடி நேரும் பிழை, படம் முழுவதிலும் சிவப்பை ஒரே அளவில் குறைப்பது. சாயம் அழிவது ஏறத்தாழ விகித அளவில். அடர்த்தியான நிழலில் நிறைய சாயம் இருந்ததால் அங்கே இழப்பும் மிகுதி, வெள்ளைச் சட்டையில் சாயமே அரிது என்பதால் இழக்கவும் அதிகமில்லை. ஒரே அளவில் குறைத்தால் மரநிழலின் செம்மை மிச்சமிருக்கும்போதே சட்டை நீலப்பச்சையாகிவிடும். எனவே ஒவ்வொரு நிறத்தையும் தனியே எடுத்து, நிழலில் அதிகமாகவும் வெளிச்சப் பகுதியில் குறைவாகவும், அடர்த்திக்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஆனால் ஒவ்வொரு சாயமும் தனக்குரிய ஒளியோடு பிற ஒளியையும் சிறிது தடுப்பதால், ஒரு நிறத்தைத் திருத்தும்போது மற்ற இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் க்ஷ்விண்ட் குழுவினர் இக்கணக்கையே கணினி வழிமுறையாக்கினர். ஒரு சாயம் முற்றிலும் அழிந்த இடத்தில் எந்தக் கணக்கும் உதவாது. அங்கே தோன்றும் நிறம் மீட்பு அல்ல, ஊகம்.

கோடாக்ரோம் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்த கடைசி ஆய்வகம் 2010 டிசம்பர் 30ஆம் தேதிக்குப் பிறகு சுருள்களை ஏற்கவில்லை. இனி புதிய கோடாக்ரோம் ஸ்லைடு பிறக்காது. ஆகவே ஸ்கேன் முடிந்துவிட்டது என்று ஸ்லைடுகளைக் குப்பையில் போடுவது தவறு: திருத்தப்பட்ட கோப்பு ஒருவருடைய கணிப்பு, ஸ்லைடு சாட்சி. திருத்தாத முதல் ஸ்கேனைத் தனியே காத்து, ஸ்லைடுகளை ஈரமற்ற, குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைப்பதே அந்தச் சாட்சிக்குச் செய்யத்தக்க பாதுகாப்பு.